இரண்டு இருக்கை வண்டி

காந்திமதியின் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அதுதான் அந்தக் காரின் பெரிய குறை என்று ஸ்ரீபெரும்புதூரில் எல்லோரும் சொன்னார்கள். அதற்காகவே அவள் அதை வைத்திருந்தாள். இதை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு முறை.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1967-ல் இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை. கூரை கிடையாது, மடக்குக் கித்தான் ஒன்று இருந்தது, கிழிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார வேண்டும். பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரத்து நட்டுகள் கண்ணுக்கு நேரே சுற்றும்.

சோழவரம் பந்தயத்தில் கவிழ்ந்து நசுங்கிக் கிடந்ததை அவள் கணவன் கோதண்டராமன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அப்போது அவன் ஹெரால்டு கார் செய்த கம்பெனியில் ஃபிட்டர். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதன் சேஸிஸ் துண்டும் கியர்பாக்ஸும் இதற்குப் பொருந்தும். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு அதை ஓட வைத்தான்.

"குடித்தனக்காரன் வெச்சிக்கிற வண்டியா இது? ஒரு அரிசி மூட்ட ஏத்த முடியுமா?" என்று அப்போது கேட்டவள் காந்திமதிதான்.

1987-ல் கோதண்டராமன் இறந்தான். இரண்டு லேத் மெஷின் போட்ட பட்டறை, பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த மகள் ரஞ்சனி, இந்தக் கார். அவன் விட்டுப்போனவை இவ்வளவுதான். மெட்ராஸ் ஸ்பேர் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோக ஆளில்லை. கோடையில் ஏரி காய்ந்ததும் காந்திமதி காரை உள்ளே இறக்கித் தானாக ஓட்டிப் பழகினாள். ஏரிக்குள் மோதுவதற்கு ஒன்றுமில்லை. பத்தாம் நாள் கரையேறி வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது.

பொட்டில்லாத நெற்றியோடு ஒரு பெண், கூரையில்லாத காரில், காலை ஏழு மணிக்குச் சன்னதித் தெருவைக் கடப்பதை ஊர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் அவளைப் பார்த்ததும் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். காந்திமதி அப்படிப்பட்ட வீடுகளை ஞாபகம் வைத்துக்கொண்டாள். அங்கெல்லாம் தவறாமல் ஹாரன் அடித்தாள்.

1991 ஆடி மாதம், கோதண்டராமனின் தம்பி பலராமன் வந்தான். லாரி காண்டிராக்டர். கூட அவன் மனைவி பிரவீனா, அக்கா கங்கம்மாள்.

"மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்காரரு அண்ணி. பழைய காருன்னா உசுர உட்ருவாரு. அவரு பேர்ல மாருதி ஆயிரம் வந்து நிக்குது. புத்தம் புதுசு, இன்னும் சீட்டு மேல பிளாஸ்டிக் கவரு கூட பிரிக்கல. நீங்க இத குடுங்க, அவரு அத குடுக்கறாரு. ஒண்ணுக்கு ஒண்ணு. நாலு கதவு. டிக்கி கீது. கண்ணாடி ஏத்திக்கினா ஒரு தூசி வராது."

"நல்ல வண்டிதான்" என்றாள் காந்திமதி. பொய்யில்லை. மாருதி ஆயிரத்தை அவள் பார்த்திருந்தாள். கதவு மூடும் சத்தமே சுத்தமாக இருந்தது.

கங்கம்மாள் அதற்குள் மனசால் அந்த மாருதியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பின்னாடி ஜன்னல் ஓரம் வுட்ருங்க. முட்டி டாக்டர்கிட்ட போவச்சொல்ல கால நீட்டணும்."

"பசங்கள ஸ்கூல்ல வுடறதுக்கும் சௌரியம்" என்றாள் பிரவீனா. "அதுங்க நடுவுல ஒக்காந்துக்கும். நான் இந்தாண்ட ஜன்னலு."

"லாரிலேர்ந்து நம்ம ஆளு ஒருத்தன் வந்து ஓட்டுவான். நான் முன்னாடி ஒக்காந்துக்கினு வழி சொல்றேன்" என்றான் பலராமன்.

காந்திமதி விரல் விட்டாள். "முன்னாடி டிரைவரு, தம்பி. பின்னாடி நாத்தனாரு, பிரவீனா, நடுவுல பசங்க. எல்லாரும் ஏறியாச்சு. வண்டிக்காரி எங்க ஒக்கார்றது? டிக்கிலயா?"

ரஞ்சனி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என் வண்டில ரெண்டே சீட்டு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல யாரு ஒக்காரணும்னு நான் சொல்லுவேன். எனக்கு இதான் சௌரியம்" என்றாள் காந்திமதி.

பலராமன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, மறைமலை நகர் கம்பெனில சாம்பிள் கேட்டுக்கிறான். இந்த டப்பால போயி எறங்குனா மதிப்பானா? பொம்பள, அதுவும்..." நிறுத்திக்கொண்டான்.

"அதுவும்?"

"அதுவும் இந்தக் காரு."

அவன் வந்த காரியம் இதுதான். மறைமலை நகரில் புதுக் கார்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்று, எட்டு மில்லி ஸ்டட் இருபது செய்து காட்டச் சொல்லியிருந்தது. இரண்டு முனையிலும் மரை வெட்டிய சிறு இரும்புத் தண்டு அது. சாம்பிள் தேறினால் பட்டறைக்கு நிரந்தர வேலை. அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். ஒரு பெயர்தான் எழுதலாம். அந்தப் பெயர்க்காரரைத்தான் கம்பெனி கூப்பிடும், கேட்கும், கணக்கில் வைக்கும். புதுக் காரில் முன்சீட்டிலிருந்து இறங்குகிறவனின் பெயர் அந்தக் கட்டத்தில் தானாகப் போய் விழும் என்று காந்திமதிக்குத் தெரியும். பலராமனுக்கும் தெரியும்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. சாம்பிள் காலை பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எட்டரைக்குக் கிளம்பினார்கள். ரஞ்சனி முந்தின வருடம்தான் டிப்ளமா முடித்திருந்தாள். பட்டறையில் அளவு பார்ப்பது அவள் வேலை. மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மே மாதம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து ஊரைத் தாண்டும் வண்டிக்கெல்லாம் சோதனை. போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து, எண்ணெய் பூசிய இருபது ஸ்டட்டையும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பல்லு மாரி அடுக்கி வெச்சிக்கிற" என்றார்.

ஒரகடம் கூட்டுரோடு வருவதற்கு முன்பே கார் இருமத் தொடங்கியது. காந்திமதி காலை எடுத்தால் என்ஜின் அணைந்தது. அழுத்தினால் வெடித்தது. புளியமரத்தடி டீக்கடை ஓரமாக நிறுத்தினாள்.

ஸ்பிட்ஃபயரின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடி. இரண்டு பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்த பிறகு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். காந்திமதி புடவையைச் சொருகிக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தாள்.

டீக்கடைக் கிளியம்மாள் டம்ளரும் கையுமாக வந்து நின்றாள். "இன்னாம்மா, வண்டி வாயப் பொளந்துகினு கீது. பசிக்குதா அதுக்கு?"

"நெஞ்சடைப்பு" என்றாள் காந்திமதி. "ரெண்டு டீ குடு. எங்களுக்கு."

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோ நீளமா மூக்கு?"

"மூக்கு நீளமா இருந்தாத்தான் வழி வுடறாங்க."

அப்போது வெள்ளை மாருதி ஆயிரம் ஒன்று வந்து நின்றது. சத்தமே இல்லை. கண்ணாடி இறங்கியது. முன்சீட்டில் பலராமன். நண்பனுடைய வண்டி, சும்மா ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தானாம். மறைமலை நகருக்குத்தான் போகிறானாம், துணைக்கு.

"சொன்னேன்ல அண்ணி? நடுரோட்ல நிக்குமின்னு. பெட்டிய குடுங்க. ஒம்போதரைதான் ஆவுது. பத்து மணிக்கெல்லாம் குடுத்துட்டு கையெழுத்து போட்டு வந்துடறேன்."

"யாரு கையெழுத்து?"

"யாரு போட்டா இன்னா? குடும்பம் ஒண்ணுதான?"

"ஒண்ணுன்னா என் கையெழுத்தே போதுமே தம்பி."

பலராமன் சிரிக்க முயன்றான். "பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது? பதினொண்ணு தாண்டினா கேட்லயே திருப்பி அனுப்பிடுவான். சாம்பிள் போயிடும். பட்டற போயிடும். அண்ணன் ஆரம்பிச்ச பட்டற." பிறகு ரஞ்சனியைப் பார்த்தான். "நீ படிச்ச பொண்ணு. பெட்டிய எட்த்துகினு ஏறு. ஏசி கீது."

ரஞ்சனி பெட்டியோடு நின்றாள். போட்டு முடித்த கணக்கு மாதிரி எல்லாம் சித்தப்பா பக்கம் சரியாக இருந்தது. மணி, தூரம், ஓடுகிற வண்டி.

"போறியா?" என்றாள் காந்திமதி. கோபமில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

"இல்லம்மா."

"தம்பி, நீ போ. நாங்க வர்றோம்."

"நான் முன்னாடி போயி சொல்லி வெக்கிறேன்" என்றான் பலராமன். கண்ணாடி ஏறியது. வெள்ளைக் கார் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் திரும்பி மறைந்தது.

காந்திமதி என்ஜினை ஓடவிட்டு, ஈரத் துணியைக் கார்பரேட்டர் அடியில் பிடித்தாள். சத்தம் மாறியது. "காத்து இழுக்குது. இங்க லூஸு. நேத்து நீதான கழட்டி மாட்டின?"

"ஆமாம்மா. நல்லா டைட் வெச்சேன்."

"அரை இஞ்சி ஸ்பேனர எடு."

இங்கிலாந்துக் கார் முழுக்க இஞ்சுக் கணக்கு. கார்பரேட்டர் நட்டுக்கு அரை இஞ்சு ஸ்பேனர் சரியாக உட்கார வேண்டும். மேல் நட்டில் உட்கார்ந்தது. கீழ் நட்டில் நுழையவே இல்லை. காந்திமதி இரண்டு முறை முயன்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு நட்டைப் பார்த்தாள்.

"நேத்து எந்த ஸ்பேனர் போட்ட?"

"பதிமூணு" என்றாள் ரஞ்சனி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

பதிமூன்று மில்லி ஸ்பேனர் இரண்டு நட்டிலும் பிடிக்கும். அரை இஞ்சு நட்டில் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். எட்டு மில்லி நட்டும் இந்தக் காரின் நட்டும் கண்ணுக்கு ஒன்று. கார் நட்டின் அளவுக்குப் பட்டறையில் ரெண்டரை நூல் என்று பெயர். எட்டு மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆனால் மரை வேறு. மில்லி நட்டை இஞ்சு ஸ்டட்டில் ஏற்றினால் ஒரு சுற்று போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். முடுக்குகிறவருக்கு இறுகிவிட்டது என்று தோன்றும். இறுகியிருக்காது. பாலிடெக்னிக்கில் மில்லி மட்டும் படித்தவர்கள் செய்கிற தப்பு. இஞ்சில் வளர்ந்த கிழட்டு ஃபிட்டர் ஒருவனும் செய்ய மாட்டான்.

காந்திமதி திட்டவில்லை. பதிமூன்று ஸ்பேனரை வாங்கி அந்த நட்டைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது எந்த டப்பாலேர்ந்து எட்த்த?"

"டப்பாலேர்ந்து இல்லம்மா. கார் நட்ட மண்ணெண்ண ட்ரேல போட்டிருந்தேன், கழுவ. அதுலேர்ந்துதான்..."

"சாம்பிளையும், அதுக்குப் போட்டுப் பாத்த மில்லி நட்டையும் எதுல கழுவின?"

ரஞ்சனி கையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"மரை அளக்கற கேஜ் போட்டு பாத்த பின்னால கழுவினியா, முன்னால கழுவினியா?"

"பின்னால. இருபதும் பாஸ் ஆச்சும்மா. அப்புறம்தான் ட்ரேல போட்டேன். எண்ணி இருபது எட்த்து கட்டினேன்."

"அந்த ட்ரேயோட அடில போன வாரத்து ஸ்பேர் கட சரக்கு கெடக்குது. ரெண்டரை நூல் ஸ்டட்டு. கறுப்பு மண்ணெண்ணெயில இன்னா தெரியும்?"

கிளியம்மாள் டீயை நீட்டினாள். காந்திமதி வாங்கிக் கார் இருக்கையில் வைத்தாள். பெட்டியைத் திறந்து, முதல் ஸ்டட்டை எடுத்து, தப்பான அந்த நட்டை அதில் போட்டாள். நட்டு விரல் பட்டதும் வழுக்கி அடிவரை ஓடியது. அடுத்தது. அடுத்தது. ஐந்தாவதில் ஒரு சுற்று போய் நின்றது. அதைத் தனியே வைத்தாள். பதினொன்றாவதில் நின்றது. பதினெட்டாவதில் நின்றது.

பதினேழு நல்லது. மூன்றில் இஞ்சு மரை.

"சித்தப்பாகிட்ட குடுத்திருந்தா..." என்றாள் ரஞ்சனி.

"டைமுக்குப் போயிருக்கும்" என்றாள் காந்திமதி. "டீய குடி."

இனி காருக்கு ஒரு ரெண்டரை நூல் நட்டு வேண்டும். மைல் கணக்கில் ஏரியும் வயலும். காந்திமதி காரைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ரஞ்சனி உட்கார்ந்திருந்த இருக்கைப் பக்கம் குனிந்தாள். இருக்கையைத் தரையோடு பிடித்திருந்த நான்கு நட்டும் ரெண்டரை நூல், கோதண்டராமன் போட்டவை. அடியில் கைவிட்டுப் பின்பக்க நட்டு ஒன்றைக் கழற்றினாள். நசுங்கிய மரையின் மேல் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி ஏற்றினாள். கால் மணி நேரம் ஆனது. என்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது.

"ஒன் சீட்டு கொஞ்சம் ஆடும். கெட்டியா புட்ச்சிக்கோ" என்றாள்.

ரஞ்சனி ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டாள். இருக்கை வழி நெடுகக் கடகடத்தது. காந்திமதி அப்படி ஓட்டி அவள் பார்த்ததில்லை. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடப்போகும் மணி அடித்துக்கொண்டிருந்தது. தாழ்ந்து வந்த குறுக்குமரத்துக்குக் கீழே புகுந்து கடந்தார்கள். கேட்காரர் கத்தியது ஜி.எஸ்.டி. ரோடு வரை காதில் இருந்தது.

கம்பெனி கேட்டில் மணி பத்து ஐம்பத்திரண்டு. வரவேற்பறையில் பலராமன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தரப் பிரிவு அதிகாரி தமிழ்வாணன் எதிரில் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் மூன்று பேனா.

"வாங்க மேடம். சார் எல்லாம் சொன்னார். வழியில வண்டி நின்னுடுச்சுன்னு. இனிமே எதுவா இருந்தாலும் சார்கிட்டயே பேசிக்கறோம், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

மேசையில் படிவம் இருந்தது. பொறுப்பாளர் கட்டத்தில் பலராமன் பெயர். மை காய்ந்திருந்தது.

காந்திமதி அதைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து வைத்தாள். "பதினேழு கீது சார்."

"இருபது கேட்டிருந்தோமே."

"மூணு தப்பு." மூன்று ஸ்டட்டையும் தனியாக மேசையில் அடுக்கினாள். "இது இஞ்சி மரை. எங்க பட்டறையில கழுவற ட்ரேல கலந்துடுச்சு. வழியில கண்டுபுட்ச்சேன். இனிமே மில்லிக்குத் தனி ட்ரே, செவப்பு பெயிண்ட் அட்சி. கழுவினப்புறம்தான் கேஜ்."

பலராமன் எழுந்துவிட்டான். "இன்னா அண்ணி, தப்புன்னு நீங்களே சொல்றீங்க! யாரு செக் பண்ணது? இந்தப் பொண்ணா?"

ரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் காந்திமதி.

தமிழ்வாணன் மூன்று ஸ்டட்டில் ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். "வழியில கேஜ் எங்க கிடைச்சது?"

"காருல தப்பா ஏறின மில்லி நட்டுல."

அவன் பதினேழையும் உள்ளே கொண்டுபோனான். இருபது நிமிடம். வந்தபோது பேனா கையில் இருந்தது. "பதினேழும் ஓகே. மீதி மூணு நாளைக்குக் கொண்டுவாங்க. தப்பை மறைச்சுக் கொண்டுவரவங்கதான் மேடம் இங்க அதிகம்." பிறகு பலராமன் பக்கம் திரும்பினான். "சார், இதுக்குக் காரணம் என்னன்னு ஒரு அறிக்கை எழுதணும். பொறுப்பாளர் எழுதணும். மரை வித்தியாசம், ட்ரே, எல்லாம். எழுதறீங்களா?"

பலராமன் மூன்று ஸ்டட்டையும் பார்த்தான். பதினேழையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

காந்திமதி தமிழ்வாணன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பலராமன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். அடிக்கோல் வைத்த மாதிரி நேர்க்கோடு. மேலே எழுதினாள்: கோ. காந்திமதி. அறிக்கைத் தாளில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்திலும் அதையே எழுதினாள்.

வெளியே வந்தபோது தூறல். பலராமன் வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவனுக்கும் மனசு இல்லாமல் இல்லை. "ஏறுங்க அண்ணி. நனைஞ்சிடுவீங்க. அந்த டப்பாவ நாளைக்கு ஆளு வுட்டு எடுத்துக்கலாம்."

"நனைஞ்சா காஞ்சிடும் தம்பி" என்றாள் காந்திமதி.

கித்தான் இல்லாத காரில் இருவரும் முழுக்க நனைந்துகொண்டு வீடு திரும்பினார்கள். ஒரகடத்தில் கிளியம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். தவறு ரஞ்சனியுடையது என்று காந்திமதி வீட்டில் சொல்லிக்காட்டவில்லை. மறுநாள் ட்ரேக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தாள். இருக்கையில் மாட்ட நான்காவது நட்டை மட்டும் ரஞ்சனி மூன்று முறை எடுத்து வைத்தாள். "இருக்கட்டும் வுடு. அது ஆடுனாத்தான் நீ பக்கத்துல கீறன்னு தெரியுது" என்றாள் காந்திமதி.

கார்த்திகை பதினாலாம் தேதி, லேத் மெஷின் முன்னால் நின்றபடி காந்திமதி தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நாற்பது நிமிடத்தில் உயிர் போனது. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்றார் ஊர்ப் பெரியவர். கங்கம்மாளும் சொன்னாள். ரஞ்சனி கேட்டுக்கொண்டாள். ஊர்வலம் கிளம்பியதும் அதன் பின்னாலேயே காரை எடுத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பலராமன் ரஞ்சனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது, அண்ணிக்காக அவன் அழுதது நிஜம். "ஓட்டல்காரரு இன்னும் கேக்கறாரு ரஞ்சனி. தனியா கீற பொண்ணு. உனக்கு எதுக்கு அது? அந்த மாருதி..."

"சித்தப்பா, நாளைக்கு மறைமலை நகர் போறேன். படிவத்துல அம்மா பேர மாத்தணும்."

"நானும் வரட்டுமா, துணைக்கு?"

ரஞ்சனி யோசித்தாள்.

"வாங்க" என்றாள். "அம்மா சீட்டுல நான். என் சீட்டுல நீங்க. ஒரு நட்டு இல்ல, ஆடும். கெட்டியா புட்ச்சிக்கணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சன்னதித் தெருவில் கரும்பச்சைக் கார் போனது. ஓட்டிய பெண்ணின் கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் பலராமன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தான். சில வீடுகளின் எதிரில் மட்டும் எதற்கு ஹாரன் அடிக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.